போர் தண்ணீர் ராத்திரியில் சிவந்துவிடுகிறது, ஆயில் கலக்கிறதா?

மடிப்பாக்கம்வாசி:
போர் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மோட்டார் போட்டதும் வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. வாளியில் பிடித்து வைத்தால் காலையில் மேலே வானவில் நிறத்தில் பளபளவென்று ஒரு ஆடை, அடியில் செங்கல் பொடி மாதிரி வண்டல். அம்மாவின் வெள்ளைப் புடவை எல்லாம் பழுப்பேறிவிட்டது. பக்கத்தில் மெக்கானிக் ஷெட் இருப்பதால் பயமாக இருக்கிறது.

லேப்காரர்:
ஒரு ஈர்க்குச்சியால் அந்த ஆடையைக் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் கீறிய இடம் உடனே கூடிவிடும். சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியே மிதந்தால் அது இரும்பு.

பூமிக்கு அடியில் காற்று படாத வரைக்கும் இரும்பு நிறமே இல்லாமல் கரைந்து கிடக்கும். வாளிக்கு வந்ததும் ஆக்சிஜன் பட்டு, கரையாத துருவாக மாறுகிறது. காற்று முதலில் தொடுவது மேல்தண்ணீரைத்தான், அதனால்தான் அங்கே ஆடை கட்டுகிறது. 7 மில்லிகிராம் இரும்பை மாற்ற 1 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். வேகத்தை முடிவு செய்வது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு. அது 1 கூடினாலே வேகம் ஏறக்குறைய 100 மடங்காகும். சிலர் வீட்டில் பத்து நிமிடத்தில் சிவப்பதும், உங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க ஆவதும் அதனால்தான்.

மடிப்பாக்கம்வாசி:
கீறினேன், அப்பளம் மாதிரி உடைந்தது! இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை சார், ரொம்ப நன்றி. அப்புறம், இந்தத் தண்ணீரில் டீ போட்டால் மை மாதிரி கறுத்துவிடுகிறது. அதுவும் இதுதானா?

லேப்காரர்:
ஆமாம், டீயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையே கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் செய்தார்கள். தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் குடிக்காமல் தனியாகச் சோதனைக்குக் கொடுங்கள்.

தோட்டக்காரி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தொட்டிக்குப் போகும் குழாயின் முனையில் ஓட்டை போட்ட பிவிசி குழாயை மாட்டி, ஷவர் மாதிரி உயரத்திலிருந்து விழ விட்டோம். டீ ஆற்றுவது போலத்தான். ராத்திரி தெளிய விட்டு, மணல் வழியாக வடிகட்டுகிறோம்.

லேப்காரர்:
சரியான வழி. அப்படி விழும்போது ஆக்சிஜன் உள்ளே போவதோடு கரியமில வாயுவும் வெளியேறும். அது போனால் பிஎச் ஏறும், இரும்பு இன்னும் சீக்கிரம் படியும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியில் கறை பிடிக்கும். மணலை மட்டும் அடிக்கடி அலசுங்கள்.