கார்பெட்பேக்கர்: வந்தேறியா, கம்பளப்பையரா?

‘கார்பெட்பேக்கர்’ (carpetbagger) என்ற ஆங்கில வசைக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற கேள்விக்கு வந்த ஒரு பரிந்துரை:

> ‘வந்தேறி’ போதுமே ஐயா? எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேறு எதுவோ புரிந்துவிடும். நம்மிடையே வந்தேறி என்றாலே பேச்சு பிறப்பு, இனம், மொழி என்று போய்விடுகிறது. கார்பெட்பேக்கர் என்பதோ அமெரிக்கத் தெற்கில் கட்சிச் சண்டையில் பிறந்த வசை. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வடக்கிலிருந்து வந்து, குடியரசுக் கட்சிக்காரராகக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு நின்றவர்களை உள்ளூர் வெள்ளையர்கள் இப்படி ஏசினார்கள். பழைய கம்பளத்தை வெட்டித் தைத்த மலிவுப் பையோடு சுருட்ட வந்த பரதேசி என்பது உட்பொருள்.

நான் மொழிபெயர்க்கும் அடெல்பெர்ட் ஏம்ஸ் வாழ்க்கைக் குறிப்பில்தான் சிக்கல். வடக்கே மெய்ன் மாநிலத்துக்காரர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகப் போரிட்டவர். 1861 ஜூலையில் புல் ரன் களத்தில் தொடையில் குண்டு பாய்ந்தது. வீரர்கள் தூக்கி வெடிமருந்துப் பெட்டிமேல் உட்காரவைக்க, அங்கிருந்தே பீரங்கிகளை இயக்கினார். உட்காரவும் தெம்பில்லாமல் போன பிறகே களத்தை விட்டார். 1868இல் மிசிசிப்பிக்குத் தற்காலிக ஆளுநராக நியமித்தது ராணுவம். பையைத் தூக்கிக்கொண்டு அவராகப் பதவி தேடிப் போகவில்லை. அப்புறம் செனட்டர், 1874 முதல், தேர்தலில் வென்ற ஆளுநர். 1875 மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஆயுதக் கும்பல்கள் கறுப்பின வாக்காளர்களை மிரட்டியபோது அதிபர் கிராண்டின் அரசிடம் படை கேட்டார், வரவில்லை. 1876 மார்ச்சில், பதவிநீக்க நடவடிக்கைக்கு நடுவே விலகினார். இவரைச் ‘சந்தர்ப்பவாதி’ என்று எழுதினால் எதிர்த்தரப்பின் புகாரை நாமே தீர்ப்பாக்குகிறோம்.

மற்ற பரிந்துரைகள்: ‘பைதூக்கி’ நம் ஊரில் அல்லக்கை. ‘ஜமக்காளப்பையர்’ எனக்கும் பிடித்தது. ஆனால் ஜமக்காளம் என்றதும் அதில் வடிகட்டின பொய்தான் நினைவுக்கு வரும். ‘கம்பளிப்பை’ வேண்டவே வேண்டாம், கம்பளி வேறு, கம்பளம் வேறு.

ஆகவே கம்பளப்பையர். பை இருக்கிறது, தீர்ப்பு இல்லை. முதன்முறை வரும் இடத்தில் ‘எதிரிகள் கம்பளப்பையர் என்று ஏசிய’ என்று சேர்த்துவிட்டால் சரி. ஏசுசொல்லுக்கு மரியாதை விகுதி எதற்கு என்று கேட்பீர்கள். ‘ன்’ போட்டால் கம்பளப் பையன் ஆகிவிடுவார், 1933 வரை, 97 வயது வாழ்ந்த மனுசர்!

இன்னொன்று பாக்கி. அதே கட்சியில் சேர்ந்த உள்ளூர் வெள்ளையருக்கு ‘ஸ்கேலவாக்’ என்று தனி வசை உண்டு. சொந்த இனத்தையே வெட்டுகிறவன் என்ற பொருளில் ‘கோடாலிக்காம்பு’ போடலாமா? ‘கருங்காலி’ என்றால் வேலைநிறுத்தம் குறுக்கே வருகிறது.