ரேஞ்ச்ஃபைண்டருக்கு சின்னதா ஒரு நார்மல் லென்ஸ் வேணும்: 35ஆ, 40ஆ, 50ஆ?

குகை_வெள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் குகைல இருந்து எழுதறேன், வீட்டுலயே வெள்ளிக் கொலுசு பட்டறை. போன தை மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ ஃபிலிம் கேமரா வாங்கினேன் (ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸ் வழியா பாக்காம தனி ஜன்னல் வழியா பாத்து ஃபோகஸ் பண்றது), பாடி மட்டும்தான், லென்ஸுக்கு இப்போதைக்கு ஜுப்பிட்டர்-8ன்னு ஒரு ரஷ்யன் லென்ஸ், 50மிமீ (இந்த நம்பர் சின்னதானா அகலமா தெரியும்), எஃப் 2 (இது சின்னதானா லென்ஸ் பெருசா திறக்கும், வெளிச்சம் கூட வரும்), அடாப்டர் போட்டு மாட்டி ஓட்டிட்டு இருக்கேன். பகல்ல வெளில எடுத்தா படம் அருமையா வருது. ஆனா பட்டறைல அப்பா உக்காந்து கொலுசுக்கு பத்த வச்சு ஒட்டறப்போ ஒரு மீட்டர் தூரத்துல எஃப் 2ல எடுத்தேன்னா, நான் விரல்ல ஃபோகஸ் வச்சிருப்பேன், ஷார்ப் வேற எங்கயோ போய் நிக்குது. நாலு ரோல் இப்படியே போச்சு, ரோல் விக்கற விலைக்கு மனசு தாங்கல.

இன்னொன்னு, ஞாயித்துக்கிழமை ஆனா பைக்கை எடுத்துக்கிட்டு ஏற்காடு போயிருவேன். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் கேமரா கழுத்துல தொங்கிட்டு நெஞ்சுல இடிச்சுக்கிட்டே வருது, அதனால ஜெர்கினுக்குள்ள அடங்கற மாதிரி குட்டி லென்ஸ் வேணும். ஒரே லென்ஸ்தான், ரெண்டாவது வாங்க வழியில்ல. 30,000, ரொம்ப நல்லா இருந்தா 35,000 வரைக்கும் போவேன். பட்டறை, மலை, அப்புறம் ஆடில எங்க குகை வண்டி வேடிக்கை (சாமி வேஷம் போட்டு ராத்திரி வண்டில வர்ற ஊர்வலம்), இந்த மூணையும் எடுக்கணும். என்ன வாங்கலாம் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி_ஸ்டுடியோ:

தம்பி, முதல்ல அந்த ஃபோகஸ் விஷயம். உங்க கண்ணு மேலயும் தப்பு இல்ல, பாடி மேலயும் அநேகமா தப்பு இல்ல. ஜுப்பிட்டர் கான்டாக்ஸ்ங்கற பழைய ஜெர்மன் கேமராவுக்கு செஞ்ச ஸைஸ் சோனார் டிசைன்ல வந்தது, ரஷ்யாக்காரங்க அந்த கான்டாக்ஸ் கணக்கயே வச்சுக்கிட்டாங்க. அந்தக் கணக்குல 50மிமீ லென்ஸுன்னா நிஜத்துல 52.4மிமீ, லைக்கா கணக்குல 51.6, உங்க பெஸ்ஸா லைக்கா கணக்குல ஓடறது. இன்ஃபினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துல, ரெண்டும் ஒத்துப்போற மாதிரி செட் பண்ணிரலாம், கிட்ட வர வர விலகும். எஃப் 5.6 வச்சா முன்னப் பின்ன ஷார்ப்பா வர்ற ஆழம் கூடும், அந்த வித்தியாசம் அதுக்குள்ள மறைஞ்சிரும், அதான் வெளில வெயில்ல எடுத்தது நல்லா வந்திருக்கு. அத விக்காதீங்க, பகலுக்கு அது தங்கம்.

புதுசா வாங்கறதுன்னா நான் 50 தான் சொல்லுவேன். மனுஷன் முகத்த கிட்ட போய் எடுத்தாலும் மூக்கு பெருசாகாது. ஸைஸ் பிளானர் 50 எஃப் 2 இருக்கு, 230 கிராம், 0.7 மீட்டர் வரைக்கும் கிட்ட போகும், ஓரம் வரைக்கும் கத்தி மாதிரி ஷார்ப். உங்க பட்ஜெட்டுக்கு கொஞ்சம் மேல போகும், பழசுல பொறுமையா தேடுங்க. லைக்கா எல்மார்-எம் 50 எஃப் 2.8 உள்ள மடங்கற லென்ஸு, 170 கிராம்தான், ஆனா விலை எங்கயோ இருக்கு. அதோட பெஸ்ஸால மடங்கற லென்ஸ உள்ள தள்ளறதுக்கு முன்னாடி மேனுவல படிச்சிருங்க, ஷட்டர் பக்கம் இடிச்சா அப்புறம் சரி பண்ண ஆள் தேடி அலையணும்.

ஏற்காடு_காபி:

தம்பி, நான் ஏற்காட்டுலயே இருக்கறவ, காபித் தோட்டத்துல பழம் பறிக்கறது, மிளகு காய வைக்கறது இதைத்தான் பத்து வருஷமா எடுத்துட்டு இருக்கேன். என்கிட்ட கலர்-ஸ்கோப்பார் 35மிமீ எஃப் 2.5. 134 கிராம், மாட்டியிருக்கறதே தெரியாது, ஸ்வெட்டருக்குள்ள போட்டா வெளில தெரியாது. எஃப் 8 வச்சு ஃபோகஸ 5 மீட்டர்ல நிறுத்திட்டேன்னா இரண்டரை மீட்டர்ல இருந்து எதிர்மலை வரைக்கும் தெளிவு, சில்வர் ஓக் மரத்துக்கு இடையில கூடைய தலைல வச்சுக்கிட்டு ஒருத்தங்க வர்றாங்கன்னா கேமராவ கண்ணுகிட்ட கொண்டு போனா போதும், அழுத்திரலாம். 50 லென்ஸுல இதே எஃப் 8க்கு எதிர்மலையும் தெளிவா வேணும்னா 5 மீட்டருக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் மங்கல்தான்.

ஆனா நான் உங்களுக்கு சொல்ல வந்தது வேற. பழைய லென்ஸ் எது வாங்கினாலும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பின்பக்கம் இருந்து வெளிச்சத்த விட்டு முன்னாடி இருந்து சாய்ச்சுப் பாத்தீங்கன்னா பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும், ஹேஸ் இருந்தா மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். இங்க மழை மாசத்துல துணியே காயாது, ஒரு நல்ல லென்ஸ தோல் கேஸுக்குள்ளயே வச்சு பீரோல பூட்டினேன், மார்கழில எடுத்துப் பாத்தா உள்ள பூ பூத்திருந்துச்சு. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல எனக்கு. தோல் ஈரத்த குடிச்சு வச்சுக்கும். காத்து போகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், நிறம் மாறினா வாணலில லேசா வறுத்து திரும்பப் போடுங்க. சேலத்துல வெயில் இருக்குன்னு விட்றாதீங்க, மலைல நனைஞ்சு போன கேமராவ நேரா பைக்குள்ள போட்டு வச்சா அங்கயும் வரும்.

அப்புறம் மூடுபனில எடுக்கறப்போ கேமரால இருக்கற வெளிச்ச மீட்டர் சொல்றத அப்படியே கேக்காதீங்க. வெள்ளைய பாத்து வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கும், பனி சாம்பலா வரும். உங்க ஆர்2ஏல வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற காம்பன்சேஷன் இருக்கு, பிளஸ் 1 வைங்க.

அம்மாபேட்டை_தறி:

நண்பா, ரெண்டு பேரும் சொன்னதுக்கு நடுவுல ஒன்னு இருக்கு. நாக்டன் 40மிமீ எஃப் 1.4. 2004ல வந்தது, 175 கிராம், நீளம் 3 சென்டிமீட்டர் கூட கிடையாது, 0.7 மீட்டர் கிட்ட போகும். பழசுல உங்க பட்ஜெட்டுக்குள்ள கிடைக்கும். எஸ்.சி.ன்னும் எம்.சி.ன்னும் ரெண்டு இருக்கு, எம்.சி. பல கோட்டிங், எஸ்.சி. ஒரே கோட்டிங், விளக்கு எதிர்ல இருந்தா கொஞ்சம் மங்கும், வண்டி வேடிக்கைக்கு எம்.சி. பாருங்க.

வண்டி வேடிக்கைய நான் வருஷா வருஷம் வந்து எடுக்கறேன். சாமி வேஷம் போட்டவங்க மேல வண்டில நிக்கறாங்க, ஜனரேட்டர் லைட்டு முகத்துல மட்டும் விழுது, சுத்தி இருட்டு. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்ல எஃப் 2.8க்கு ஷட்டர் 1/15 செகண்ட் காட்டற இடத்துல எஃப் 1.4 வச்சா 1/60 கிடைக்கும். 1/15ல வண்டி நகந்தா போச்சு, 1/60ல கைல புடிச்சே எடுக்கலாம். ஸ்கோப்பார் பகலுக்கு ராஜா, ராத்திரிக்கு ஆகாது அக்கா, கோவிச்சுக்காதீங்க.

குறையும் சொல்லிடறேன். நேர்கோடு ஓரத்துல லேசா வளையும், தறியோட மரச்சட்டத்த நேரா எடுத்தா தெரியுது. எஃப் 1.4ல பின்னாடி இலை, செடி இருந்தா மங்கல் அமைதியா இருக்காது, இரைச்சலா இருக்கும். அப்புறம் ஆர்2ஏல 40க்கு ஃப்ரேம் கோடு (படத்துல எது வரும்னு ஃபைண்டர்ல காட்டற கோடு) கிடையாது, ஆர்3ஏல தான் இருக்கு. 35 கோட்ட போட்டு தூரத்துல இருக்கறத அப்படியே எடுப்பேன், கிட்டன்னா கோட்டுக்கு கொஞ்சம் உள்ள தள்ளி நினைச்சுக்குவேன். ஒரு ரோல்ல பழகிரும்.

அஸ்தம்பட்டி_ஸ்டுடியோ:

40 ஃப்ரேம் இல்லாத பாடில 40 போடச் சொல்றது எனக்கு ஒப்பல. கோடு எதுக்கு இருக்கு, எது உள்ள வரும் எது வராதுன்னு தெரியத்தானே. கல்யாண வேலைல ஓரத்துல கை வெட்டுப்பட்டா பணம் தர மாட்டாங்க. ஆனா ராத்திரி விஷயத்துல அம்மாபேட்டை தம்பி சொல்றது சரி. 50 எஃப் 1.5 மாதிரி போகலாமேன்னா, பெஸ்ஸாவோட ரேஞ்ச்ஃபைண்டர் பேஸ் (ஃபோகஸ் பாக்கற ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 37மிமீ, ஃபைண்டர் 0.7 மடங்கா காட்டறதால அதோட பெருக்கினா 26 கிட்ட வருது, லைக்கா எம்3ல அது 62, இது கூட கூட ஃபோகஸ் துல்லியமா இருக்கும். கிட்டத்துல 50 எஃப் 1.5 ஃபோகஸ் அடிக்கடி தவறும். பெரிய லென்ஸுன்னா ஃபைண்டர்ல வலது கீழ் மூலையையும் மறைக்கும்.

ஒன்னு பண்ணுங்க. உங்க பாடில ஃப்ரேம் கோடு லென்ஸ பாத்து மாறாது, நீங்கதான் லீவர திருப்பணும். அப்போ காசு செலவு பண்ணாமலே 35ம் 50ம் எப்படி இருக்கும்னு பாத்துரலாம். பட்டறைல நீங்க வழக்கமா நிக்கற இடத்துல நின்னு லீவர மாத்தி மாத்திப் பாருங்க, ஒரு வாரம் பாருங்க.

குகை_வெள்ளி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரியே ஒரு வாரமா ஃபிலிம் போடாம லீவர மட்டும் மாத்திட்டு இருந்தேன். பட்டறை பத்தடிக்கு எட்டடி, என் முதுகுக்குப் பின்னாடி சுவரு. 50 கோட்டுல அப்பா முகம் வந்தா கை வெளில போயிருது, கை வந்தா முகம் போயிருது, பின்னாடி நகர இடமே இல்ல. 35 கோட்டுல ரெண்டும் வருது, ஆனா கூடவே மேல தொங்கற ஒயரு, பேப்பர் ஒட்டின சுவரு எல்லாம் சேந்து வருது. எனக்கு வேண்டியது அவர் கை, ஊதுகுழல், குனிஞ்ச முகம். 35 கோட்டுக்கு கொஞ்சம் உள்ள, அம்மாபேட்டை நண்பர் சொன்ன அதே அளவு.

அண்ணா, உங்களுக்கு ஒப்பலன்னு தெரியும், ஆனா நான் எடுக்கறது எங்க வீட்டு ஆளுங்கள, ஓரம் கொஞ்சம் கூடக் குறைய வந்தா பரவால்ல. நாக்டன் 40 எம்.சி. ஒன்னு பழசுல பேசி வச்சிருக்கேன், 33,000 சொல்றாங்க. அக்கா சொன்ன மாதிரி டார்ச் எடுத்துட்டு நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் காசு குடுப்பேன். ஜுப்பிட்டர விக்கல, எஃப் 5.6க்கு கீழ திறக்காம மலைல வச்சுக்கறேன்.

அம்மாபேட்டை_தறி:

நேர்ல பாக்கறப்போ 0.7 மீட்டர்ல எஃப் 1.4ல ஒரு அரை ரோல் எடுத்து கழுவிப் பாத்துட்டு வாங்குங்க. ஸ்கேல சாய்ச்சு வச்சு ஒரு நம்பர்ல ஃபோகஸ் பண்ணி எடுங்க, எந்த நம்பர் ஷார்ப்பா வருதுன்னு தெரிஞ்சிரும். அதுக்கு முன்னாடி வேணும்னா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு ரோட்டுக்கு வாங்க, என்னோடத மாட்டிப் பாருங்க. தட்டுவடை செட் என் செலவு.

குகை_வெள்ளி:

வர்றேன் நண்பா. அப்பாவோட ஸ்டீல் ஸ்கேல் எடுத்துட்டு வர்றேன், அதுல அரை மிமீ கோடு கூட இருக்கு.