மேலூர் வீடு குழு: அழகர்மலைக்கு யார் யார்?

சுந்தரம் சித்தப்பா: பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. அழகர்மலையில் பறவை பார்க்கப் போகிறோம். வேன்காரர் இன்று இரவுக்குள் ஆள் கணக்கு கேட்கிறார். 16 அல்லது 17, காலை 5.30க்குப் புறப்பாடு. பெயர் கொடுக்கவும்.

பிரியா: நானும் யாழினியும் மாமா. பள்ளியில் பறவைப் பட்டியல் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்

மல்லிகா அத்தை: விடியக்காலை 5.30ஆ

கார்த்திக்: 17 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. நான் இல்லை

பாண்டி மாமா: 16 பாலமேடு. நானும் இல்லை

சுந்தரம் சித்தப்பா: இரண்டுமே டிவியில்தானே அத்தான்? ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பாண்டி மாமா: முதலில் கோயில் மாடு வரும். அதைப் பார்க்காமல் மிச்சத்தைப் பார்த்து என்ன

பெரியப்பா: 16 மாட்டுப்பொங்கல். வீட்டில் கறி.

மல்லிகா அத்தை: கறி சாப்பிட்டுவிட்டு மலைக்கா? பதினெட்டாம்படிக் கருப்பர் சும்மா விடுவாரா

சுந்தரம் சித்தப்பா: அக்கா, காலையில் மலை. மதியம்தான் கறி.

விஜி சித்தி: அந்தக் கறியை யார் சமைப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

பெரியப்பா: 17 காணும் பொங்கல். மலைப்பாதையில் கூட்டம் நெரியும்.

கார்த்திக்: சித்தப்பா, இந்தக் குளிரில் போய்த்தான் பார்க்க வேண்டுமா? சித்திரையில் போனால் என்ன

விஜி சித்தி: ஐயோ கார்த்திக், ஏன் கேட்டாய்

சுந்தரம் சித்தப்பா: நல்ல கேள்வி. சித்திரையில் போனால் பாதி விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள். கோடையில் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் என்று குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. பச்சை முதுகு, இளமஞ்சள் நெஞ்சு, வாலடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணில் படாது. ஏனென்றால் எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அது தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்றுகொண்டிருக்கும். காதில் சரசரப்பு விழுந்தால் நின்றுவிட வேண்டும். செந்தலைப் பூங்குருவியும் சருகைக் கிளறுகிற கட்சிதான். வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழுமாக ஆட்டும், கொடிக்கால் வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். யாழினி, இதை உன் பட்டியலில் எழுது. அரசவால் ஈப்பிடிப்பானில் வளர்ந்த ஆணுக்கு வால் உடம்பைவிட நீளம். வெள்ளையாகவும் இருக்கும், செங்காவி நிறத்திலும் இருக்கும், இரண்டும் ஒரே இனம்தான். இன்னொன்று. ஒரு குருவி தெரிந்தால் உடனே நகரக் கூடாது. குளிர்காலத்தில் நாலைந்து இனங்கள் ஒரே கூட்டமாக இரை தேடும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். கூடவே கரிச்சான் இருக்கும், சமயம் பார்த்துத் தட்டிப் பறிக்கும்.

கார்த்திக்: நம் வீட்டுப் பந்தி

மல்லிகா அத்தை: தோசை உண்டா

சுந்தரம் சித்தப்பா: எந்தத் தோசை?

மல்லிகா அத்தை: அழகர்கோயில் தோசைதான். அதற்காக என்றால் வருகிறேன்

பாண்டி மாமா: அப்படியானால் நானும்

பிரியா: யாழினிக்குக் காரம் ஆகாதே

மல்லிகா அத்தை: மிளகும் சுக்கும்தானே. கறுப்பு உளுந்து, நெய். குழந்தைக்கு நல்லதுதான்

விஜி சித்தி: போன தடவை வாங்கியது கல் மாதிரி இருந்தது

மல்லிகா அத்தை: மூன்று நாள் பிரிட்ஜில் வைத்துத் தின்றால் அப்படித்தான் இருக்கும்

சுந்தரம் சித்தப்பா: தோசை இறங்கி வரும்போது. மேலே எடுத்துப் போனால் குரங்கு பையோடு பிடுங்கிக்கொண்டு போகும். கையில் தண்ணீர், நோட்டு, பைனாகுலர் மட்டும். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ வேண்டாம். மங்கலான நிறத்தில் உடுத்தினால் நல்லது.

மல்லிகா அத்தை: காணும் பொங்கலுக்கு மங்கலான நிறமா? என்ன பேச்சு இது

கார்த்திக்: அத்தை பெயர் கொடுத்தாரா இல்லையா என்று முதலில் கேளுங்கள்

சுந்தரம் சித்தப்பா: முக்கியமான விஷயம், பேசாமல் நடக்க வேண்டும்.

கார்த்திக்: முடிந்தது. வேனை ரத்து செய்யுங்கள்

பிரியா: மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லுமாமே மாமா

சுந்தரம் சித்தப்பா: சொல்லும். நாம் பேசிக்கொண்டே போனால் எதைக் கேட்டுச் சொல்லும்? அப்புறம் அது சொன்னதை அப்படியே எழுதக் கூடாது, கண்ணாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். போனில் குருவிச் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். நம் பட்டியலைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்க்கலாம். 2015இலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணினால் போதும், இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடலாம். காக்காயும் கணக்குதான்.

பாண்டி மாமா: காக்காய்க்கு மொட்டைமாடி போதுமே

பிரியா: அம்மா, கிளி என்று கூடையில் அடைத்துவைத்தாயே, அதுதான் ஆறுமணிக் குருவியா?

மல்லிகா அத்தை: எது

சுந்தரம் சித்தப்பா: அதுவேதான். ஐப்பசியில் கிணற்றடியில் விழுந்து கிடந்ததே. நெடுந்தூரம் பறந்து வந்த களைப்பு. அக்கா கொய்யாப்பழம் நறுக்கி வைத்தார், அது திரும்பியும் பார்க்கவில்லை. ராத்திரி இருட்டில் வைத்திருந்து காலையில் தோப்பில் விட்டேன்.

மல்லிகா அத்தை: பச்சையாக இருந்தால் கிளி என்றுதான் சொல்வார்கள்

சுந்தரம் சித்தப்பா: வீட்டில் ஒரு பைனாகுலர்தான் இருக்கிறது. 8×42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். காட்டு நிழலுக்கு இந்த அளவு சரி. இத்தனை பேருக்கு ஒன்று போதாது. அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது ஒன்று இருக்குமே?

விஜி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நீக்கும் முன் படித்துவிட்டேன்.

மல்லிகா அத்தை: காரியம் முடிந்த மறுநாளே பீரோ சாவி யார் கையில் இருந்தது என்று எனக்கும் தெரியும்

கார்த்திக்: அத்தை, அது பூஞ்சை பிடித்து ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே

மல்லிகா அத்தை: பார்த்தாயா, அங்கேதான் இருக்கிறது

பெரியப்பா: அம்மா என் கையில் கொடுத்தது. நான் எடுக்கவில்லை.

பாண்டி மாமா: பாலமேட்டில் இந்த வருடமும் கார்தானே முதல் பரிசு?

கார்த்திக்: மாமா, நேரம் பார்த்துக் கேட்கிறீர்கள்

பிரியா: யாழினி கேட்கிறாள், ராக்காயி அம்மன் கோயில் வரை நடக்கலாமா என்று

சுந்தரம் சித்தப்பா: நடக்கலாம் கண்ணு. ஆனால் வெயில் ஏறினால் குருவி அடங்கிவிடும். முதல் இரண்டு மணி நேரம் மெதுவாக, அடிக்கடி நின்று. சோலைமலை முருகனை அப்புறம் பார்க்கலாம்.

பெரியப்பா: கருப்பைக் கும்பிடாமல் மலை ஏறக் கூடாது.

சுந்தரம் சித்தப்பா: சரி அண்ணே. 17ஆம் தேதி, ஏழு பேர் என்று சொல்லிவிடவா?

பெரியப்பா: 16.

மல்லிகா அத்தை: 16 என்றால் நான் கறியைப் பார்த்துக்கொள்கிறேன், வரவில்லை. தோசை மட்டும் வாங்கி வாருங்கள்

விஜி சித்தி: அண்ணி வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லோரும் சாட்சி

கார்த்திக்: 16 என்றால் நான் வருகிறேன்

பாண்டி மாமா: 16 பாலமேடு என்று முதலிலேயே சொன்னேன்

சுந்தரம் சித்தப்பா: வேன்காரர் கூப்பிடுகிறார். என்ன சொல்ல?

பெரியப்பா: பைனாகுலரைத் துடைத்துக் கொண்டுவருகிறேன். வேனில் முன்சீட் எனக்கு.

பாண்டி மாமா: முதுகுவலிக்காரன் நான் எங்கே உட்கார்வதாம்

பிரியா: அப்பா, நீங்கள் வரவில்லை என்றீர்களே