தமிழ் படிக்கிறவர்கள் அகராதி செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? பார்த்ததைச் சொல்லுங்கள்

எங்கள் மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரப் பெண்மணி தமிழ் படிக்கிறார். பாண்டியில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அவர் செல்போனில் சொல் தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். போன வாரம் ஆட்டோக்காரர் "எங்க எறங்கிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். காதில் விழுந்ததை அப்படியே தட்டினார், ஒன்றும் வரவில்லை. வாலை வெட்டி 'எறங்கு' என்று போட்டார், அதுவும் இல்லை, ஏனென்றால் அகராதிக்காரர்களுக்கு அது 'இறங்கு'. பேச்சில் இ எ ஆவதும் நடுவில் 'கொள்' வந்து ஒட்டிக்கொள்வதும் நாம் யோசிக்காமலே செய்கிற காரியம், அவரோ ஒரு சொல்லைத் தேடவே பாதி இலக்கணம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சிலும் வினைச்சொல் உருமாறும்தான், ஆனால் அந்த மொழியின் இணைய அகராதிகளில் உருமாறியதைத் தட்டினாலும் பெரும்பாலும் மூலச்சொல்லில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில் அவர் நம்பியிருந்தது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, அதைக் குறை சொல்ல நான் யார்! ஆனாலும் சாதாரணச் சொல்லுக்கே வரிசையாக அத்தனை பொருள், இலக்கிய மேற்கோள் வேறு. இதில் பெரிய மார்க்கெட்டில் எது செல்லும் என்று அவருக்கு யார் சொல்வது? அதே தளத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் (முதல் பதிப்பு 1992) இருப்பதைக் காட்டினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியம். இப்போதெல்லாம் பொருளைத் தாண்டி நேராக வாக்கியத்துக்குத்தான் போகிறார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

கடலூரிலிருந்து ஒருவர்:
என் கதை தலைகீழ். பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய்ப் பிரெஞ்சு படிக்கிறேன். பிரெஞ்சுத் தகுதிச் சான்றிதழுக்கான டெல்ஃப் பரீட்சை ஹாலில் போனும் கிடையாது, அகராதியும் கிடையாது, வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 25 மார்க். தெரியாத சொல் வந்தால் கை தானாகப் பைக்குள் போகும் பழக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? அதனால் பஸ்ஸில் ஒரு பத்தியை முழுசாகப் படித்து, தெரியாததற்குக் கோடு போட்டு, ஊகித்ததைப் பக்கத்தில் எழுதிவிட்டு, ரெட்டிச்சாவடி தாண்டியதும்தான் போனை எடுக்கிறேன். அப்புறம் ஒன்று, பிரெஞ்சு அகராதியில் சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதைப் பொருளுக்கு முன்னாலேயே போட்டிருப்பார்கள், எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ல, ள, ழ-வை விட்டுவிட்டீர்களே! எங்கள் தெருக் காய்கறிக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் 'கிலங்கு', 'கிளங்கு' என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு நின்றான். கடைக்கார அக்கா போனை வாங்கி 'கிழங்கு' என்று அடித்துக் கொடுத்தார். அதிலிருந்து அவன் தட்டுகிற வேலையே வைத்துக்கொள்வதில்லை, அகராதியைத் திறந்து போனை அக்காவிடம் நீட்டிவிடுகிறான்.