உபுண்டு சாம்பா பகிர்வு: விண்டோஸில் சேமித்ததை மேக்கில் திருத்த முடியவில்லை, மேக்கில் போட்டது விண்டோஸில் ரீட்-ஒன்லி

மென்தூறல்:
வணக்கம். உபுண்டு 24.04 கணினியில் சாம்பா (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) நிறுவி ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருக்கிறேன். சாம்பா யூசர்கள் இரண்டு: கயல் (விண்டோஸ் 11-லிருந்து), மாறன் (மேக்கிலிருந்து). ஃபோல்டர் இருக்கும் இடம் /ஹோம்/கயல்/பொது.

முதலில் மாறன் லாகின் ஆனாலும் பகிர்வைத் திறந்தால் அனுமதி இல்லை என்றே வந்தது. பொது ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) கொடுத்தும் அதே நிலை. /ஹோம்/கயல் ஃபோல்டருக்கு 755 (உரிமையாளருக்கு முழு அனுமதி, மற்றவர்களுக்குப் படிக்கவும் நுழையவும் மட்டும்) கொடுத்த பிறகு திறக்கிறது. ஆனால் கயல் சேமித்த கோப்பை மாறனால் திருத்த முடியவில்லை. மாறன் போட்டது கயலுக்கு ரீட்-ஒன்லி. மொத்த ஃபோல்டருக்கும் சிஎச்மாட் 777 (அனுமதியை மாற்றும் கட்டளை) ஓட்டினால் இருக்கிற கோப்புகள் சரியாகின்றன, அடுத்த புதிய கோப்பிலேயே பழைய கதை.

சாம்பாவின் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃப்-இல் குளோபல் பகுதியில்:
விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் = கேட்டியா ஃப்ரூட் ஸ்ட்ரீம்ஸ்_எக்ஸ்அட்டர்

பொது பகுதியில்:
பாத் = /ஹோம்/கயல்/பொது
ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = கயல் மாறன்

எங்கே பார்க்க வேண்டும்?

கட்டளைவரி:
சாம்பா அமைப்பைத் தொடுவதற்கு முன் லினக்ஸ் பக்கத்தை மட்டும் தனியாகச் சோதியுங்கள். நெட்வொர்க் வழியாக வரும் ஒவ்வொரு கோரிக்கையும் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும்: சாம்பாவின் பகிர்வு விதி ஒன்று, அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். சாம்பாவில் ரீட் ஒன்லி = நோ என்று எழுதிவிட்டால் லினக்ஸ் அனுமதி தானாகத் திறந்துவிடாது.

உபுண்டு கணினியிலேயே டெர்மினலில் இவற்றை ஓட்டி விடையைப் போடுங்கள்:

நேம்ஐ -எல் /ஹோம்/கயல்/பொது
ஸ்டாட் (கயல் சேமித்த ஒரு கோப்பு, மாறன் போட்ட ஒரு கோப்பு, இரண்டுக்கும்)
ஐடி மாறன்
சூடோ -யூ மாறன் டச் /ஹோம்/கயல்/பொது/சோதனை

கடைசிக் கட்டளைதான் முக்கியம். அது தோற்றால் சாம்பாவில் தேட வேண்டியதே இல்லை.

மென்தூறல்:
டச் வேலை செய்கிறது (இப்போது ஃபோல்டர் 777 என்பதால் இருக்கலாம்). ஸ்டாட் காட்டுவது: கயலின் கோப்பு 744, உரிமையாளர் கயல், குரூப் கயல். மாறனின் கோப்பு 644, உரிமையாளர் மாறன், குரூப் மாறன். ஐடி விடையில் இருவருக்கும் பொதுவான குரூப் எதுவும் இல்லை.

கட்டளைவரி:
அப்படியென்றால் காரணம் தெளிவு. சாம்பாவில் கிரியேட் மாஸ்க் (புதிய கோப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு அனுமதி என்ற வரம்பு) எழுதாவிட்டால் இயல்பு மதிப்பு 0744, ஃபோல்டருக்கான டைரக்டரி மாஸ்க் 0755. உருவாக்கியவர் தவிர வேறு யாருக்கும் எழுதும் உரிமை கிடையாது. போதாததற்கு கோப்பின் குரூப்பும் அவரவர் சொந்த குரூப். 777 ஓட்டினால் அந்த நேரத்தில் இருக்கும் கோப்புகள் மட்டும்தான் மாறும், இனி பிறக்கும் கோப்பு மாஸ்க்கைத்தான் கேட்கும். அதோடு 777 எல்லாக் கோப்பையும் இயக்கக்கூடியதாக மாற்றிவிடும். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆரம்பத்தில் மாறன் உள்ளேயே நுழைய முடியாததற்குக் காரணம் வேறு. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகத்தான் உருவாகின்றன. உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு என்ன அனுமதி கொடுத்தாலும், பாதையில் உள்ள ஒவ்வொரு மேல் ஃபோல்டரிலும் எக்ஸ் அனுமதி (உள்ளே நுழையும் உரிமை) இருந்தால்தான் கடந்துபோக முடியும். நேம்ஐ காட்டுவது இதைத்தான், பாதையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. ஹோமை 755 ஆக்கினால் சொந்தக் கோப்புகளும் மற்றவர் கண்ணில் படும். பகிர்வை வெளியே நகர்த்துங்கள்:

சூடோ எம்வி /ஹோம்/கயல்/பொது /எஸ்ஆர்வி/பொது
சூடோ சிஎச்மாட் 750 /ஹோம்/கயல்
சூடோ குரூப்ஆட் கூட்டு
சூடோ யூசர்மாட் -ஏஜி கூட்டு கயல்
சூடோ யூசர்மாட் -ஏஜி கூட்டு மாறன்
சூடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் கூட்டு /எஸ்ஆர்வி/பொது
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பொது -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 2770 {} +
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பொது -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 660 {} +

யூசர்மாடில் -ஏஜி என்பதில் முதல் எழுத்து சிறியது, இரண்டாவது பெரியது. முதல் எழுத்தை விட்டால் அந்த யூசர் இருந்த மற்ற கூடுதல் குரூப்களெல்லாம் கழன்றுவிடும், சூடோ குரூப் உட்பட. சிஎச்ஜிஆர்பியில் வரும் ஆர் பெரிய எழுத்து.

2770-இல் முன்னால் நிற்கும் 2 செட்ஜிஐடி. அது இருந்தால் உள்ளே உருவாகும் கோப்பு உருவாக்கியவரின் குரூப்பை விட்டு ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். ஆஃபீஸ் போன்ற மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, பிறகு பெயரை மாற்றுகின்றன. அதாவது ஒவ்வொரு சேமிப்பும் ஒரு புதிய கோப்பு. செட்ஜிஐடி இல்லாவிட்டால் நன்றாக இருந்த கோப்பின் குரூப்பும் ஒரு சேமிப்பில் மாறிப்போகும்.

பொது பகுதி இப்படி இருக்கட்டும்:

பாத் = /எஸ்ஆர்வி/பொது
ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = @கூட்டு
ஃபோர்ஸ் குரூப் = கூட்டு
கிரியேட் மாஸ்க் = 0660
டைரக்டரி மாஸ்க் = 2770
ஃபோர்ஸ் டைரக்டரி மோட் = 2770

டெஸ்ட்பார்ம் ஓட்டி எழுத்துப்பிழை பாருங்கள். பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி (சாம்பாவின் சேவை). குரூப் மாற்றம் பழைய இணைப்புகளுக்குப் போய்ச் சேராது, ரீஸ்டார்ட் கட்டாயம்.

இணைமுனை:
ஃபோர்ஸ் யூசர் போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் எல்லாக் கோப்புக்கும் ஒரே உரிமையாளர் ஆகிவிடுவதால் யார் எதைப் போட்டார் என்பது ஃபைல் சிஸ்டத்தில் தெரியாமல் போகும். இருவர் வேலை செய்யும் ஃபோல்டருக்குக் கட்டளைவரி சொன்ன குரூப் வழிதான் சரி.

விண்டோஸ் பக்கம் ஒரு விஷயம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது, பிழை 1219 வரும். சோதனைக்காக கயலிலிருந்து மாறனுக்கு மாறும்போது கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் * /டெலீட் கொடுங்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த சர்வருக்குச் சேமித்த பழைய பாஸ்வேர்டையும் நீக்குங்கள். இதைச் செய்யாமல் சோதித்தால் எந்த யூசராகப் போனோம் என்பதே குழம்பிவிடும். சந்தேகம் வந்தால் சர்வரில் சூடோ எஸ்எம்பிஸ்டேட்டஸ் ஓட்டுங்கள், யார் எந்தப் பெயரில் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும்.

மென்தூறல்:
எல்லாம் செய்தேன். விண்டோஸில் உருவாக்கும் கோப்பு இப்போது 660, குரூப் கூட்டு. மாறனால் திருத்த முடிகிறது, மிக்க நன்றி. ஆனால் மாறன் ஃபைண்டரில் இழுத்துப் போடும் கோப்புக்கு குரூப் கூட்டு என்று வந்தாலும் அனுமதி 644. கயலுக்கு இன்னும் ரீட்-ஒன்லிதான். கிரியேட் மாஸ்க் ஏன் பிடிக்கவில்லை?

இணைமுனை:
மாஸ்க் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு மேக் மாற்றிவிடுகிறது. ஃப்ரூட் மாட்யூல் (விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரியில் உள்ள, மேக்குக்கான சாம்பாவின் கூடுதல் பகுதி) இருக்கும்போது, யுனிக்ஸ் அனுமதியைப் படிக்கவும் மாற்றவும் மேக்குக்கு சாம்பா வழிவிடுகிறது, இயல்பாகவே. கோப்பு 660 ஆகப் பிறக்கிறது. நகல் முடியும் தருவாயில் மேக்கில் இருந்த மூலக் கோப்பின் 644-ஐ அப்படியே வைக்கச் சொல்லி இன்னொரு கோரிக்கை வருகிறது. கிரியேட் மாஸ்க் உருவாகும் நேரத்துக்கு மட்டுமே, பின்னால் வரும் சிஎச்மாடை அது கட்டுப்படுத்தாது.

குளோபல் பகுதியில் இந்த வரியைச் சேருங்கள்:

ஃப்ரூட்:என்எஃப்எஸ்_ஏசஸ் = நோ

இது குளோபலில் மட்டுமே எடுபடும், பகிர்வுப் பகுதியில் எழுதினால் பயனில்லை. எஸ்எம்பிடி-ஐ ரீஸ்டார்ட் செய்து, மேக்கில் பகிர்வை எஜெக்ட் செய்து, கமாண்ட்-கே கொடுத்துப் புதிதாக இணையுங்கள். ஏற்கெனவே 644 ஆகிவிட்ட கோப்புகளுக்கு மேலே உள்ள இரண்டு ஃபைண்ட் கட்டளைகளையும் மறுபடி ஓட்டுங்கள்.

ஃப்ரூட்டையே எடுத்துவிட வேண்டாம். மேக்கின் மெட்டாடேட்டாவை ஒழுங்காக வைப்பது அதுதான். விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரியில் ஃப்ரூட் முன்னாலும் ஸ்ட்ரீம்ஸ்_எக்ஸ்அட்டர் பின்னாலும் நீங்கள் வைத்திருக்கும் வரிசை சரி. அந்த வரியைக் குளோபலிலேயே விடுங்கள். ஒரு பகிர்வில் ஃப்ரூட் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், மேக் முதலில் எதில் இணைகிறதோ அதைப் பொறுத்து நடத்தை மாறும்.

நெடுவழி:
இதே படிகளை எக்ஸ்டெர்னல் டிரைவில் செய்து பார்த்தேன். சிஎச்மாட் பிழை காட்டாமல் முடிகிறது, அனுமதி மாறவே இல்லை. டிரைவின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட்.

கட்டளைவரி:
எக்ஸ்ஃபேட்டில் யுனிக்ஸ் அனுமதியைச் சேமிக்க இடமே இல்லை. எல்லாக் கோப்புக்கும் ஒரே அனுமதி, அதுவும் மவுண்ட் செய்யும்போது (டிரைவை லினக்ஸில் இணைக்கும்போது) முடிவாகிறது. மவுண்ட் விவரங்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிரைவின் வரியில் ஜிஐடி=(கூட்டு குரூப்பின் எண்), டிமாஸ்க்=0007, எஃப்மாஸ்க்=0117 என்று கொடுத்து, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். ஃபோல்டர் 770, கோப்பு 660 என்று வரும். குரூப்பின் எண்ணை கெட்என்ட் குரூப் கூட்டு காட்டும்.

டிரைவ் என்டிஎஃப்எஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்து ஷட் டவுன் செய்திருந்தால் லினக்ஸ் அதை ரீட்-ஒன்லியாக மட்டும் மவுண்ட் செய்யலாம். அதை விண்டோஸில் அணைத்து, முழுமையாக ஷட் டவுன் செய்த பிறகுதான் எழுத முடியும்.

இணைமுனை:
ஃபெடோராவில் இதைச் செய்பவர்களுக்கு: அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸ் (ஃபெடோராவில் உள்ள கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிளைப் பாருங்கள். எல்எஸ் -இசட் (பெரிய எழுத்து) காட்டும் இடத்தில் சாம்பா_ஷேர்_டி இருக்க வேண்டும். செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வழியாகப் பாதைக்கு அந்த லேபிளைப் பதிந்து, ரெஸ்டோர்கான் -ஆர்வி ஓட்டுங்கள். எஸ்இலினக்ஸையே அணைக்காதீர்கள்.

மென்தூறல்:
ஃப்ரூட்:என்எஃப்எஸ்_ஏசஸ் வரி சேர்த்து மேக்கை மறுபடி இணைத்தேன். ஃபைண்டரில் இழுத்துப் போட்ட கோப்பு 660, புதிய ஃபோல்டர் 2770, இரண்டுக்கும் குரூப் கூட்டு. கயல் விண்டோஸில் திறந்து சேமித்த பிறகும் ஸ்டாட் அதே எண்களைக் காட்டுகிறது. கட்டளைவரி, இணைமுனை இருவருக்கும் நன்றி. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிடுகிறேன்.