பெருங்காயத்தில் கோதுமையா? மலேசியா சுங்கை சிப்புட்காரர்கள் வந்து சொல்லுங்கள்

லயத்துவீடு: நேற்றுக் கல்யாண வீட்டில் ஒருவர், "கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்கள் மைதா ரொட்டி சானாயைத் தொடாமல் இருந்தால் சரி, நம் இட்லி சாம்பாரில் ஒன்றுமில்லை" என்று அளந்தார். சாம்பாரில் போட்ட பெருங்காயத் தூள்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா இருக்கும்.

பழைய_தண்டல்: அளந்தது நான்தான், பயமில்லை. பெருங்காயம் செடியின் பால். நம் ரப்பர் பால் மாதிரி வேரைக் கீறி எடுப்பது. பாலில் எங்கே கோதுமை?

லயத்துவீடு: பால் சரி அண்ணே. வீரியம் குறையத்தான் மாவு சேர்க்கிறார்கள். கட்டியிலும் மாவு கலந்தது உண்டு.

சாம்பார்ராணி: ஒரு சிட்டிகைக்கு இத்தனை கூத்தா? என் நாத்தனார் மகளுக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் ஆகாதாம். கேக் மட்டும் இறங்குகிறது.

லயத்துவீடு: சீலியாக் என்ற குளூட்டன் ஆகாத நோய் உள்ளவர்களுக்குச் சிறுகுடலின் உள்சுவரே சேதமாகும் அக்கா. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர விதி கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான் விடுகிறது.

பழைய_தண்டல்: சீலியாக்கோ ஒவ்வாமையோ, எல்லாம் ஒன்றுதான். ரொட்டியும் வரக்கோப்பியும் பசியாறிவிட்டு ரப்பர் மரம் சீவப் போன நம் ஆட்களில் யாருக்கு வந்தது? பாலில் கோதுமை எங்கே? அதைச் சொல்லுங்கள்.

லயத்துவீடு: இரண்டும் ஒன்றல்ல அண்ணே. வந்ததா என்று யார் பார்த்தது? டச்சு மருத்துவர் டிக்கே 1950இல் ஆய்வேடு எழுதும் வரை உலகத்துக்கே கோதுமை மேல் சந்தேகம் வலுக்கவில்லை.

கிளினிக்தம்பி: ஒரு விஷயம். சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

பழைய_தண்டல்: பெருங்காயத்துக்கு நடுவில் ரத்தம் எதற்குத் தம்பி?

சாம்பார்ராணி: அண்ணன் திருவிழா அன்னதானத்தில் குளூட்டன் ஆகாதவர்களுக்கு என்று தனி மேசை போட்டு மைலோ ஊற்றினாரே. அதில் பார்லி மால்ட். பார்லியிலும் குளூட்டன் உண்டு.

பழைய_தண்டல்: ஓகோ, அன்னதானத்துக்கு வந்துவிட்டோமா? அன்று இரண்டு வாளி சாம்பார் வீட்டுக்குப் போனதே, அதையும் பேசுவோமா?

சாம்பார்ராணி: யார் வீட்டுக்கு? பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லயத்துவீடு: மிஞ்சியதைத்தான் கொடுத்தார்கள். அதிலும் பெருங்காயத் தூள்தான்.

பழைய_தண்டல்: நான் கேட்டது தூளை அல்ல, பாலை. இரண்டு நாளாக ஒருவரும் பதில் சொல்லவில்லை.

லயத்துவீடு: டப்பாவைத் திருப்புங்கள் அண்ணே.

பழைய_தண்டல்: எங்கள் வீட்டில் டப்பாவே கிடையாது. கட்டிதான்.

சாம்பார்ராணி: வாளி விஷயம் இன்னும் முடியவில்லை.