முகூர்த்த நாளில் மட்டும் வயர்லெஸ் கேமரா கட் ஆகிறது, உதவி தேவை

சாலிகிராமம் ஸ்டுடியோ:

எல்லாருக்கும் வணக்கம். சாலிகிராமத்தில் அண்ணனும் நானுமாகச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறோம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் எடுப்போம். மண்டபத்தில் கேமராப் படங்களை மிக்சிங் செய்து எல்இடி வாலுக்கும் (பெரிய திரை) யூடியூப் லைவுக்கும் கொடுப்பதும் நாங்கள்தான்.

மொத்தம் மூன்று கேமரா. ஒன்று மேடைக்கு நேர் எதிரே டிரைபாடில், ஒன்று மேடையின் பக்கவாட்டில் டிரைபாடில், மூன்றாவது ஜிம்பலில் (நடந்தாலும் படம் ஆடாமல் வைக்கும் கைப்பிடி) அண்ணன் கையில். மூன்றிலிருந்தும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் செட் வழியாகத்தான் படம் வருகிறது. ரிசீவர்கள் ஹாலின் கடைசியில் மிக்சிங் டேபிள் மேல் இருக்கும். டப்பாவில் 120 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தூரம் 25 மீட்டர்கூட வராது.

ஆடி மாதம் வேலை இல்லாத நேரத்தில் வடபழனியில் நாங்கள் வழக்கமாகப் போகும் மண்டபத்திலேயே மூன்றையும் மாட்டி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஃபிரேம்கூடத் தவறவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதே மண்டபம், அதே செட். முந்தின நாள் ரிசப்ஷனிலேயே அங்கங்கே படம் உடைய ஆரம்பித்தது. காலையில் கெட்டி மேளம் கொட்டும் நேரத்தில் ஜிம்பல் படம் முழுக்கக் கருப்பு. எதிர்க் கேமராவும் கட்டம் கட்டமாக உடைந்தது. கேமராவில் ரெக்கார்டிங் பத்திரமாக இருக்கிறது, அது வேறு. ஆனால் பெண்ணின் பாட்டி கோயம்புத்தூரில் படுக்கையில் இருந்தபடி லைவில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பேட்டரி, எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. செட் மெனுவில் சேனலையும் மாற்றிப் பார்த்தோம். வைஃபை அனலைசர் ஆப்பில் காலியாகத் தெரிந்த இடத்தில் வைத்தாலும் அதே கதை. 300 மீட்டர் செட் வாங்கினால் தீருமா? விலை எங்களுக்கு ரொம்பப் பெரிது. கேட்டுக்கொண்டு வாங்கலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கிளோசப் அம்பத்தூர்:

எனக்கும் போன வருஷம் இதே பிரச்சனை. ரிசீவரில் பெரிய ஆன்டெனா போடுங்கள். டிரான்ஸ்மிட்டருக்கு பூஸ்டர் கிடைக்கிறது, அதையும் போட்டால் எல்லாத்தையும் அடித்துக்கொண்டு வரும்.

அலைவரிசை:

தம்பி, எதையும் வாங்காதீர்கள். முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். செட்டின் மெனுவில் சேனல் எண்ணோடு மெகாஹெர்ட்ஸ் போட்டிருக்கும், மூன்றும் எதில் ஓடின? மண்டபத்தில் வைஃபை இருக்கிறதா, எந்தச் சேனல், எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம்? லைவுக்கு இணையம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அக்கம்பக்கத்தில் வேறு மண்டபம் உண்டா? ரிசீவர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். இந்தக் கருவிகளுக்கெல்லாம் டபிள்யூபிசி (அலைவரிசைகளைக் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவு) அனுமதி குறிப்பிட்ட சக்திக்குத்தான். அதைத் தாண்டினால் சட்டப்படி தப்பு. அது போக, நீங்கள் கத்தினால் பக்கத்து மண்டபத்துக்காரரும் கத்துவார்.

சாலிகிராமம் ஸ்டுடியோ:

நன்றி அண்ணா. மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எதிர்க் கேமரா 5190, பக்கவாட்டுக் கேமரா 5230, ஜிம்பல் 5755. மூன்றுமே 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். மண்டபத்தில் போன வருஷம் புது வைஃபை போட்டிருக்கிறார்கள், விருந்தினர்களுக்கும் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறது. சேனல் 36, அகலம் 80. லைவுக்கு என் ஃபோன் ஹாட்ஸ்பாட், 5 கிகாஹெர்ட்ஸில். ஃபோன் மிக்சிங் டேபிளில் ரிசீவர் பக்கத்திலேயே இருக்கும். ஹாட்ஸ்பாட்டை இன்னொரு ஃபோனில் பார்த்தால் சேனல் 149, அகலம் 80 என்று காட்டுகிறது. அதே தெருவில் இன்னும் மூன்று மண்டபம். ஒன்றுக்கும் நம்முடையதற்கும் நடுவே காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான். ரிசீவர் டேபிள் உயரம், மூன்றடி இருக்கும்.

அலைவரிசை:

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டீர்கள். இனி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்ணை ஐந்தால் பெருக்கி 5000 கூட்டினால் அதன் நடு அலைவரிசை வரும். 36 என்றால் 5180, 149 என்றால் 5745. மண்டபத்து வைஃபை 80 அகலத்தில் இருப்பதால் 36, 40, 44, 48 நான்கையும் சேர்த்து எடுக்கிறது. அதாவது 5170 முதல் 5250 வரை. உங்கள் 5190, 5230 இரண்டுமே அதற்குள் அடக்கம். ஹாட்ஸ்பாட் 149 முதல் 161 வரை, அதாவது 5735 முதல் 5815 வரை. ஜிம்பலின் 5755 அதற்குள். நடுவே 5250 முதல் 5725 வரை ரேடார்களும் இருப்பதால் இந்த மாதிரி செட்களில் பல அந்தப் பக்கமே போவதில்லை. ஆகக்கூடி 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது நான்கே நான்கு இடம்: 5190, 5230, 5755, 5795. நான்கின் மேலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தியில் நாலு பேர் உட்காரும் இடத்தில் ஒருத்தரே இலை விரித்தால் எப்படியோ, அப்படி. அதில் ஒருத்தர் உங்கள் ஃபோன்.

பிறகு ஆடியில் எப்படி ஓடியது? ரூட்டர் ஆனில் இருப்பதால் மட்டும் இடம் நிரம்பிவிடாது. யாரும் டேட்டா இழுக்காத நேரத்தில் அது அவ்வப்போது ஒரு சின்ன அறிவிப்பு அனுப்பிவிட்டு சும்மா இருக்கும். அன்றைக்கு விருந்தினர் இல்லை, லைவ் இல்லை, பக்கத்து மண்டபங்களில் கல்யாணமும் இல்லை. முகூர்த்த நாளில் தெருவில் நான்கு மண்டபத்திலும் நான்கு மிக்சிங் குழு. நூற்றுக்கணக்கானவர்கள் தாலி கட்டுவதை வீடியோ எடுத்து உடனே அனுப்புகிறார்கள். கெட்டி மேளம் எல்லா மண்டபத்திலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தானே!

வைஃபை அனலைசரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது பெயரை ஒலிபரப்பும் வைஃபைகளைத்தான் காட்டும். பக்கத்து மண்டபத்துக் கேமரா டிரான்ஸ்மிட்டர் பல நேரம் அதில் வராது. ஆப்பில் காலியாகத் தெரிந்த இடத்தில் அவர் முழு வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் ரிசீவர் மெனுவில் ஸ்கேன் இருந்தால் உங்கள் டிரான்ஸ்மிட்டர்களை அணைத்துவிட்டு அதில் பாருங்கள். அது அங்கே இருக்கும் அலை இரைச்சலையே அளக்கும்.

"லைவ் மட்டும் உடையாமல் போகிறதே, கேமரா ஏன் உடைகிறது?" என்று சிலர் கேட்பார்கள். யூடியூப் பல வினாடி தாமதத்தில் ஓடுவதால், தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்க அதற்கு நேரம் உண்டு. கேமரா செட்டில் தாமதம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் வரவில்லை என்றால் அந்த ஃபிரேம் போனது போனதுதான். அதனால் நெரிசலில் முதலில் அடிபடுவது இதுதான்.

300 மீட்டர் செட் வாங்கினாலும் இதே நான்கு இடத்தில்தான் அதுவும் உட்கார வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளியில், குறுக்கே ஆள் இல்லாமல், வேறு அலை இல்லாமல் அளந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிரைபாடில் இருக்கும் இரண்டு கேமராவும் நகரப் போவதில்லை. அவற்றுக்கு வயர்லெஸ் எதற்கு? கேபிள் போடுங்கள். காற்றில் இருக்கும் இடம் ஓடும் கேமராவுக்கு மட்டும் இருக்கட்டும். ஹாட்ஸ்பாட்டை நிறுத்தி யுஎஸ்பி டெதரிங் (ஃபோனின் இணையத்தைக் கேபிள் வழியாக எடுப்பது) போடுங்கள், முடிந்தால் மண்டபத்து ரூட்டரிலிருந்து லேன் கேபிள் எடுங்கள். எல்லாரும் ஃபோனை எடுக்கும் நேரத்தில் மொபைல் டேட்டாவும் திணறும். மண்டப மேனேஜரிடம் வைஃபை அகலத்தை 20 ஆக்கச் சொல்லுங்கள். விருந்தினர் வாட்ஸ்அப்புக்கு அது தாராளம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ரிசீவரின் இடம். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சும். முகூர்த்த நேரத்தில் உங்கள் அண்ணன் மணவறைக்குப் பக்கத்தில் நிற்பார், சுற்றிச் சொந்தக்காரர்கள் எல்லாம் அட்சதையோடு எழுந்து நிற்பார்கள். டிரான்ஸ்மிட்டர் அவர் நெஞ்சு உயரத்தில், ரிசீவர் ஹால் கடைசியில் மூன்றடி உயரத்தில். நடுவில் முழுக்க ஆட்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்தவரை வந்த படம் எழுந்ததும் போனதற்கு இதுவும் காரணம். ரிசீவரை லைட் ஸ்டாண்டில் எட்டு, பத்தடி உயரத்தில், மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள். தூரம் பாதியானால் திறந்தவெளிக் கணக்கில் வந்து சேரும் சக்தி நான்கு மடங்கு. கால்வாசியானால் பதினாறு மடங்கு. எந்த பூஸ்டரும் இல்லாமல். அங்கிருந்து மிக்சிங் டேபிள் வரை கேபிளில் கொண்டு வாருங்கள். எல்இடி வாலுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள், அது முழுக்க உலோகச் சட்டம்.

கேபிள்_மாம்பலம்:

அலைவரிசை அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். கேபிள் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

எச்டிஎம்ஐ-யை நீளமாக இழுக்காதீர்கள், பத்து மீட்டர் தாண்டினால் நம்ப முடியாது. கேமராவில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் சின்ன கன்வெர்ட்டர் வைத்து எஸ்டிஐ-க்கு (நீளமான கேபிளில் வீடியோ அனுப்பும் முறை) மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல செம்பு ஆர்ஜி 6 கேபிளில் 50 மீட்டருக்குக் கவலையில்லாமல் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், நுனியில் மாட்டும் பிஎன்சி கனெக்டரை அங்கேயே அழுத்திப் பொருத்தித் தருவார்கள். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய வேறு உலோகம். விலை குறைவு, ஆனால் நீளமாக இழுக்க அதை எடுக்காதீர்கள்.

கேபிளை நடு வழியில் விடாமல் சுவரோரமாக, நாதஸ்வரம் உட்காரும் பக்கமாகக் கொண்டு போங்கள், அங்கே ஜனநடமாட்டம் குறைவு. குறுக்கே போக வேண்டிய இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டு இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வயசான அம்மாக்கள் நடக்கும் இடம். ஒருத்தர் கால் தடுக்கினாலும் நமக்குத்தான் பாவம்.

கிளோசப் அம்பத்தூர்:

பூஸ்டர் பற்றி எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. பக்கத்து மண்டபத்துக்காரர் நகர மாட்டேன் என்றால் யாரிடம் புகார் செய்வது?

அலைவரிசை:

புகார் செய்ய இடமே இல்லை சார். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5150 முதல் 5350, 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நிபந்தனை என்னவென்றால், யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது, நமக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது, எல்லாரும் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கும் இடத்துக்கு அதுதான் விதி. அதனால் பேசித்தான் ஆக வேண்டும். நான் பார்த்தவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஏனென்றால் அவர்கள் படமும் உடைந்துகொண்டுதான் இருக்கும், காரணம் தெரியாமல் அவர்களும் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். முந்தின நாள் மாலை, ரிசப்ஷனுக்கு செட் போடும்போதே போய் நான்கு இடத்தில் மேலே இரண்டு (5755, 5795) நமக்கு, கீழே இரண்டு (5190, 5230) அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ சேனலை இரண்டு பேருமே அணைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் தானாகத் தாவி மறுபடி ஒன்றாகிவிடும்.

சாலிகிராமம் ஸ்டுடியோ:

அடுத்த முகூர்த்தம் முடிந்தது. அதே மண்டபம்தான்.

இரண்டு டிரைபாட் கேமராவுக்கும் ஆர்ஜி 6 போட்டோம். லைவுக்கு மேனேஜர் லேன் கேபிள் கொடுத்தார். வைஃபை அகலத்தை 20 ஆக்கச் சம்மதித்தார், ரூட்டர் பாஸ்வேர்டு தெரிந்த பையன் வரத்தான் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பக்கத்து மண்டபத்தில் திருவள்ளூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. சொன்னதுமே புரிந்துகொண்டார்கள். இரண்டு வருஷமாக இந்தத் தெருவில் மட்டும் இப்படி ஆகிறது என்றார் அவர்கள் மிக்சிங் அண்ணன். அவர்கள் 5190, 5230 எடுத்தார்கள், ஜிம்பலுக்கு நாங்கள் 5795. ரிசீவர் மேடை ஓரத்தில் ஸ்டாண்ட் உச்சியில்.

கெட்டி மேளத்தின்போது சிக்னல் கட்டம் ஒன்றுகூடக் குறையவில்லை. அண்ணன் மணவறையைச் சுற்றி வந்தபோது முதுகு ரிசீவர் பக்கம் திரும்பிய ஒரு நொடி மட்டும் லேசாக உடைந்தது. உடனே எதிர்க் கேமராவுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பந்தி கீழ்த் தளத்தில். அண்ணன் படியில் இறங்கினதுமே படம் போய்விடுகிறது.

அலைவரிசை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. முதுகு திரும்பும் பிரச்சனைக்கு டிரான்ஸ்மிட்டரை ஜிம்பல் கைப்பிடியிலிருந்து எடுத்து அண்ணன் தோள்பட்டைக்கு மேல் வரும்படி ஒரு கம்பியில் மாட்டிப் பாருங்கள், ஆன்டெனா நிமிர்ந்து இருக்கட்டும்.

கீழ்த் தளத்துக்கு மேலே இருக்கும் ரிசீவரை நம்ப வேண்டாம். நடுவில் கம்பி போட்ட கான்கிரீட் தளம், எந்தச் சேனலிலும் ஒழுங்காக வராது. உங்கள் செட் இரண்டு ரிசீவரோடு ஜோடி சேரும் வகையா என்று மெனுவில் பாருங்கள். சேரும் என்றால் இரண்டாவதைப் படிக்கட்டின் அடியில் வைத்து, கேபிளை மாடிப்படிக் கைப்பிடி ஓரமாக மேலே கொண்டு வாருங்கள். சேராது என்றால் பந்தியை ரெக்கார்டிங்கில் மட்டும் எடுங்கள்.

கேபிள்_மாம்பலம்:

படிக்கட்டில் கேபிள் விட்டால் டேப் மட்டும் பத்தாது, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிக் கம்பியில் டை போட்டுக் கட்டுங்கள். சாம்பார் வாளியோடு ஆட்கள் ஏறி இறங்கும் வழி அது.